சிந்திய நெல்லும் சிறுவாட்டுக் கோழியும்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் வேந்தர்கள். அவர்களோடு யானையும் குதிரையும் உடன் வருகின்றன. யானைப்படை கொண்டு அரண் தகர்த்தவனை நாம் அறிவோம். குதிரையேறி வந்து நாடு கவர்ந்தவனையும் அறிவோம். ஆனால் அந்த நாட்டுக் குடிமகள் ஒருத்தி, விடியற்காலையில் அடுக்களைக் கதவைத் திறந்து, பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு, ஒரு பிடி நொய்யைப் புறக்கடையில் இறைத்தாளே, அவளைப் பற்றியும் அவள் காலடிக்கு ஓடிவந்த கோழியைப் பற்றியும் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. யானைப்படை போயிற்று, குதிரைப்படையும் போயிற்று. அந்தப் பிடி நொய்யும் அதற்கு ஓடிவரும் கோழியும் இன்னும் போகவில்லை.

இன்று அந்தக் கோழியின் வரலாற்றையே சொல்ல முற்படுகிறேன். சேவற்போரின் வரலாறு வேறு. பெரும் பண்ணைகளின் வரலாறு வேறு. நான் சொல்ல வந்தது வீட்டுக் கொல்லையில் நாலைந்தாகத் திரியும் கோழியின் கதை. அக்கதை முழுவதற்கும் அடிப்படையாக ஓர் உண்மை இருக்கிறது. வீட்டுக் கோழி என்பது வீடு சிந்தியதைத் தின்று வாழும் உயிர். சிந்தியதைத் தின்ற வரையில் அது ஏழையின் செல்வமாக இருந்தது. விலை கொடுத்து வாங்கிய தீனியைத் தின்னத் தொடங்கியபோது அது வீட்டை விட்டுப் போயிற்று. உலகில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் திரும்பி வந்தது. இதனை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கோழியின் தாயகம் காடு. ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழியே உலகத்து வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை என்று சார்லஸ் டார்வின் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார். அவருடைய கருத்து பெரும்பாலும் இன்றும் நிலைத்து நிற்கிறது. ஆயினும் 2008-ஆம் ஆண்டில் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. பல கோழிகளின் காலிலும் தோலிலும் காணப்படும் மஞ்சள் நிறம் செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று, சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று மரபணு ஆராய்ச்சியாளர் கண்டனர். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி எங்கே வாழ்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்தியத் தீபகற்பத்தின் பிற காடுகளிலும் வாழ்கிறது. ஆகவே, உலகின் எந்த மூலையிலேனும் மஞ்சட்கால் கோழி ஒன்று குப்பையைக் கிளறுமானால், அதன் உடலில் நம் நாட்டு மலைக்கோழியின் குருதியும் சிறிது ஓடுகிறது எனலாம்.

காட்டுப் பறவை வீட்டுக்கு வந்தது எவ்வாறு? யாரேனும் வலைவீசிப் பிடித்து வந்தனரா? 2022-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்கு அழகிய விடை தருகிறது. தாய்லாந்து நாட்டில் பான் நோன் வாட் என்ற ஊரில் அகழ்ந்தெடுத்த எலும்புகளே, ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக் கோழி என்று கொள்ளத்தக்க எலும்புகளில் மிகப் பழையவை என்று அந்த ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1250 வரை. அந்தக் காலத்தில் அப்பகுதி மக்கள் காட்டைத் திருத்தி நெல்லும் தினையும் விதைத்து வந்தனர். விளைந்த கதிரை நாடியும், களத்தில் சிந்திய மணியை நாடியும் காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கி வந்தது. வந்தது தங்கியது, தங்கியது பழகியது. ஆகவே மனிதன் கோழியைத் தேடிப் போனான் என்பதைவிட, அவன் சிந்திய நெல்லைத் தேடிக் கோழி வந்தது என்பதே பொருந்தும்.

வந்த கோழியை மனிதன் முட்டைக்காக வைத்துக்கொண்டான் என்று எண்ணுதல் தவறு. காட்டுக்கோழி ஆண்டு ஒன்றுக்கு ஒரு பன்னிரண்டு முட்டை அளவிலேதான் இடும். அதனை நம்பி எவர் உலை வைப்பார்? பொழுது புலர்வதை அறிவிக்கும் குரலுக்காகவும், போர்க்குணத்துக்காகவும், வழிபாட்டுக்காகவும் பல நாடுகளில் கோழியைப் போற்றினர். சூலியஸ் சீசர் பிரிட்டன் தீவுக்குப் படையெடுத்துச் சென்றபோது, அத்தீவினர் கோழியை உண்பது முறையன்று என்று கருதியதையும், இன்பப் பொழுதுபோக்குக்காகவே அதனை வளர்த்ததையும் குறித்துவைத்தார். நம் நாட்டில் முருகப் பெருமானின் கொடியில் சேவல் ஏறியது. சோழரின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையை ஒரு கோழி எதிர்த்து வென்ற மண் என்பதால் அப்பெயர் வந்தது என்று பழங்கதை கூறும். முட்டைக்காகக் கோழி என்ற நிலை, பல தலைமுறைகளாக மனிதர் பொறுக்கி எடுத்து வளர்த்ததன் பயனாகப் பின்னர் வந்ததே.

தமிழ் இலக்கியத்தில் வீட்டுக் கோழி தோன்றும் காட்சி ஒன்றை இங்கே நினைவு கூர்தல் வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. உலரப் போட்ட உணவுப் பொருளைக் கொத்த ஒரு கோழி வருகிறது. காவல் இருந்த பெண், கைக்குக் கிடைத்த கனமான காதணியைக் கழற்றி அதன்மேல் எறிகிறாள். அந்தக் குழை முற்றத்திலே கிடந்து, சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்றுகால் சிறுதேரைத் தடுக்கிறது. இப்பகுதியை விளக்குவோர் பெரும்பாலும் பொன்னைப் பற்றியே பேசுவர். குழையை எறிந்துவிட்டு எடுக்காமல் இருக்கும் அளவுக்கு அந்நகரம் செல்வம் பெற்றிருந்தது என்பர். அது சரியே. ஆனால் நாம் சற்றுக் கோழியைப் பார்ப்போம். கடல் வாணிகம் செழித்த மாநகரின் முற்றத்திலும் கோழி திரிந்தது. அதற்கென்று யாரும் இரை வைக்கவில்லை. மனிதருக்கென உலர்ந்த உணவில் தன் பங்கை அது தானே எடுத்துக்கொள்ள வந்தது. களத்தில் சிந்திய நெல்லைத் தேடி வந்த அந்தப் பழைய பறவையே, பட்டினத்து முற்றத்திலும் நிற்கிறது. இடையே ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் கழிந்தும் அதன் தொழில் மாறவில்லை.

இனி நம் சிற்றூர் வீட்டுக்கு வருவோம். அங்கே கோழி யாருடையது? மாடு ஆண்மகனுடைய பெயரில் இருக்கும், நிலமும் அவ்வாறே. கோழி மட்டும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. முட்டை விற்ற காசும், சேவல் விற்ற காசும் அவள் முந்தானை முடிச்சுக்கோ அரிசிப் பானைக்கோ போகும். அதற்குச் சிறுவாடு என்று பெயர். பிள்ளைக்குச் சிலேட்டு வாங்க வேண்டுமா, மகளுக்கு வளையல் வாங்க வேண்டுமா, நோயுற்றவருக்கு மருந்து வாங்க வேண்டுமா, யாரையும் கேளாமல் எடுக்கக்கூடிய பணம் அது ஒன்றே. முதல் இல்லாதவளும் கோழி வளர்க்க வழி இருந்தது. கோழி வைத்திருப்பவர் ஒரு பெட்டையை வாரத்துக்கு விடுவார். அடை வைத்துக் குஞ்சு பொரித்து வளர்ந்தபின், குஞ்சுகளில் பாதி வளர்த்தவளுக்கு, பாதி உரியவருக்கு. கையில் ஒரு காசும் இல்லாமல் தொடங்கி, ஓர் ஆண்டுக்குள் தனக்கென இரண்டு மூன்று கோழிகளை உடையவளாக ஒருத்தி ஆக முடிந்தது. வேறு எந்தத் தொழிலில் இவ்வளவு சிறிய முதலில் இவ்வளவு விரைவாகக் கால் ஊன்றலாம்?

ஆனால் இந்தக் கணக்கு நிற்பது ஒரே ஒரு தூணின்மேல். கோழியின் தீனிக்குப் பணம் செலவாகக் கூடாது. இதனைச் சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். நாட்டுக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 80 கிராம் தின்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 29 கிலோ ஆகும். அடைகாத்தும் குஞ்சு வளர்த்தும் அது ஆண்டில் 60 முட்டை இடுமானால், ஒரு முட்டைக்கு ஏறத்தாழ அரைக் கிலோ தீனி செலவாகிறது. பண்ணைக் கோழியோ நாளொன்றுக்கு 110 கிராம் தின்று ஆண்டில் 300 முட்டை இடுகிறது. அங்கே ஒரு முட்டைக்கு 135 கிராம் தீனியே போதும். இரண்டுக்கும் கடைத்தீனி வாங்கினால், நாட்டுக்கோழி தோற்பது திண்ணம். ஆனால் அரிசி புடைக்கும்போது விழும் நொய், ஆலையிலிருந்து வந்த தவிடு, சோற்றுப் பானையின் அடி, கீரைக் காம்பு, எருக்குழிப் புழு, வைக்கோற்போரின் அடியில் கிடக்கும் நெல் ஆகிய இவற்றுக்கு யார் விலை கொடுத்தார்? அவற்றைத் தின்று இட்ட முட்டை, எத்தனை சிறியதாயினும், முழு இலாபம். ஆகவே வீட்டுக் கோழியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கூட்டின் அளவு அன்று. வீட்டில் சிந்துவதன் அளவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோழியின் வாழ்வில் ஒரு பெருந்திருப்பம் ஏற்பட்டது. சீனத்திலிருந்து பெருத்த உடலுடைய கோழிகள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிச் சென்றன. அங்குள்ள மக்கள் அவற்றைக் கண்டு வியந்தனர். 1849-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோழிக் கண்காட்சி ஒன்று நடந்தது. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். நம் நாட்டு அசில் என்னும் போர்ச்சேவலும் கடல் கடந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினர் அதனைத் தம் நாட்டுக் கோழிகளோடு கலந்து கார்னிஷ் என்ற அகன்ற மார்புடைய இனத்தை உருவாக்கினர். இன்று உலகெங்கும் இறைச்சிக்காக வளரும் வெள்ளைக் கோழிக்கு அந்தக் கார்னிஷ் இனமும் ஒரு மூதாதை. சண்டைக் களத்துச் சேவலின் மார்புத் தசை, இன்று உணவுக்கடை வாயிலில் தொங்கும் கோழியில் விளங்குகிறது. இனம் பெருத்தது, முட்டையும் பெருகியது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, அமெரிக்காவிலும் கோழி பெரும்பாலும் உழவர் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. அதன் வருவாய் உழவன் மனைவியின் கையிலேயே இருந்தது.

முதல் உலகப் போர் வந்தது. 1917-ஆம் ஆண்டில் அமெரிக்கா போரில் இறங்கியபின், அந்நாட்டு வேளாண்மைத் துறை ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. ஒவ்வொரு குடும்பமும் கோழி வளர்க்க வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கோழி இருந்தால் குடும்பத்துக்கு வேண்டிய முட்டை கிடைக்கும் என்றும், சமையலறைக் கழிவும் உண்டு மிஞ்சியதும் அவற்றின் தீனியில் பெரும்பங்கை ஈடுசெய்யும் என்றும் அது விளக்கியது. நம் பாட்டிமார் எழுத்தறியாமலே அறிந்திருந்த உண்மையை, ஒரு பெரிய அரசு அச்சிட்டு ஒட்டியது!

அந்தப் போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டிலேயே நேர்மாறான ஒரு நிகழ்ச்சி நடந்தது. டெலவேர் மாநிலத்தில் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி இருந்தார். முட்டைக்காகச் சில கோழிகளை வீட்டில் வளர்த்து வந்தார். 1923-ஆம் ஆண்டில் 50 குஞ்சுகள் வேண்டுமென்று அவர் எழுத, தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து இறங்கின. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை; சிறு கொட்டகை அமைத்து, இறைச்சிக்கென வளர்த்து விற்றார். நல்ல இலாபம் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் 10,000 கோழிகளுக்கான கொட்டகை எழுந்தது. அண்டை அயலார் அவர் வழியைப் பின்பற்றினர். இன்றைய இறைச்சிக்கோழித் தொழிலின் தொடக்கம் அதுவே என்று வரலாற்றார் கூறுகின்றனர். ஐம்பது கோழி கொல்லையில் கிளறித் தின்னும். ஐந்நூறு கோழிக்குத் தீனி மூட்டை வாங்க வேண்டும். மூட்டை வாங்கத் தொடங்கினால் கணக்குப் புத்தகம் வேண்டும், கடன் வேண்டும், சந்தை வேண்டும். ஒரு பெண்ணின் சிறுவாட்டுக் கோழி, அவள் கையிலேயே, பெருந்தொழிலாக மாறிய கதை இது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் கோழி எந்த இடத்தில் வாசற்படி தாண்டி வெளியே போயிற்று என்பதை இது நன்கு காட்டுகிறது.

போன கோழி திரும்பி வந்ததை இங்கிலாந்தின் வரலாறு காட்டும். 1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அத்தீவு நாடு தன் உணவிலும் கால்நடைத் தீனியிலும் பெரும்பகுதியைக் கப்பல் வழியாக இறக்கி வந்தது. செர்மானிய நீர்மூழ்கிகள் அக்கப்பல்களைக் கடலில் ஆழ்த்தின. இருக்கும் தானியத்தை மனிதன் தின்பதா, கோழி தின்பதா என்ற கேள்வி எழுந்தது. பண்ணைகளுக்குத் தரும் தீனியை அரசு குறைத்தது. பண்ணைக் கோழிகளின் தொகையும் குறைந்தது. 1941-ஆம் ஆண்டு சூன் மாதத்திலிருந்து முட்டைக்கும் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை என்பது கணக்கு. அதுவும் வாரந்தோறும் தவறாமல் கிடைத்ததில்லை. 1942-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப்பொடியைக் கரைத்து உண்டனர்.

இந்த நெருக்கடியில் அரசு மீண்டும் கொல்லைப்புறத்தை நோக்கியது. வீட்டில் கோழி வளர்ப்போருக்கு உதவ 1940-ஆம் ஆண்டிலேயே ஒரு குழு அமைந்தது. பின்னர் வந்த ஏற்பாடு இது. முட்டைப் பங்கீட்டை விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக்கு, அதற்கு ஈடாகக் கோழித் தீனி மாவு ஓரளவு கிடைக்கும். அது தனியே போதாது. வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலும், முட்டைக்கோசின் வெளியிலையும், தட்டில் மிஞ்சியதும் அதனோடு சேர்த்துப் பிசைய வேண்டும். கொல்லை இல்லாத அயலார் தம் பங்கீட்டைக் கோழி வைத்திருப்பவருக்குக் கொடுத்து, தமக்குரிய முட்டையை அவரிடம் பெற்றுக்கொண்டனர். நம் வாரமுறையை அறியாத நாட்டில் போர் அதற்கு இணையான ஒன்றைத் தோற்றுவித்தது. வேலியோரத்திலே, ஆணி அடித்த பழம்பெட்டிக்குள்ளே, நாலைந்து கோழிகள் மாநகரங்களில் வளர்ந்தன. முட்டைப் பங்கீடு 1953-ஆம் ஆண்டில் நீங்கியது. கடைகளில் முட்டை மலிந்தது; கொல்லைக் கோழி மறுபடியும் மறைந்தது. தேவை வந்தபோது அழைக்கப்பட்டது. தேவை தீர்ந்ததும் மறக்கப்பட்டது. ஏழையின் செல்வத்துக்கு உலகம் தரும் மதிப்பு இவ்வளவே போலும்!

கொல்லைக் கோழிக்குப் பணப்பகை ஒன்று என்றால், நோய்ப்பகை மற்றொன்று. 1926-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப் பக்கத்திலும் சாவகத் தீவிலும் ஒரு கொள்ளைநோய் கோழிகளை மாய்த்தது. அதனையடுத்து, இமயமலை அடுக்கிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரிலும் அது கண்டறியப்பட்டது. அதனால் நம் நாட்டில் அந்நோய்க்கு ராணிக்கேத் நோய் என்றே பெயர் வழங்குகிறது. நம் ஊர்ப் பெண்கள் அதனை வெள்ளைக் கழிச்சல் என்பர். முதல்நாள் ஒரு கோழி கழுத்தைத் தொங்கப் போட்டு நிற்கும். ஒரு வாரத்துக்குள் தெருவே வெறிச்சோடிவிடும். விடியலில் கூவ ஒரு சேவலும் இராது. பல ஆண்டுச் சிறுவாடு ஒரு வாரத்தில் குழியில் போய் மூடப்படும்.

இதற்கு விடை கண்டவர்கள் நம் நாட்டு அறிஞருமே. இமயமலையிலுள்ள முக்தேசுவரத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் இந்நோய்க்குத் தடுப்பு மருந்து உருவாயிற்று. தமிழகத்தில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளைச் செய்து வழங்கும் பணியில் ஈடுபட்டது. ஆயினும் மருந்து இருந்தும் ஏழையின் கோழி பல ஆண்டுகள் இறந்துகொண்டே இருந்தது. காரணம் மிக எளியது. மருந்துப் புட்டி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு உரிய அளவில் வரும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். திறந்தால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவள் ஒரு புட்டியை என்ன செய்வாள்? வெப்பத்தை ஓரளவு தாங்கும் மருந்தைத் தீனியிலேயே கலந்து கொடுக்கும் முறையை 1980-களில் ஆஸ்திரேலிய, மலேசிய அறிஞர்கள் சிற்றூர்க் கோழிகளுக்கெனவே ஆராய்ந்தனர். அதைவிட எளிய வழியும் உண்டு. தெருவார் ஒன்றுகூடி, ஒரே நாளில் எல்லாக் கோழிகளையும் மருந்துக்குக் கொண்டுவருதலே அது. கோழி ஒரு வீட்டுடையது. அதன் நலம் தெரு முழுவதற்கும் உரியது. இவ்வுண்மையை மறந்த ஊரில் வெள்ளைக் கழிச்சல் ஆண்டுதோறும் வந்து வரி தண்டிச் செல்லும்.

இன்று நம் தமிழகத்தின் நிலை என்ன? நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகள் நாட்டின் முட்டை வாணிகத்தில் பெரும்பெயர் பெற்றவை. பெரும்பண்ணையைப் பழித்தல் என் நோக்கம் அன்று. 1989-ஆம் ஆண்டில் தமிழகப் பள்ளிச் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை சேர்க்கப்பட்டது. பின்னர் அது படிப்படியாக வளர்ந்து, பள்ளி நடக்கும் நாள்தோறும் முட்டை என்ற நிலைக்கு வந்தது. ஏழைச் சிறுவன் ஒருவன் தட்டில் முட்டை விழுகிறது என்றால், அதன் பின்னே பண்ணையின் பெருக்கமும் விலைமலிவும் நிற்கின்றன. கொல்லைக் கோழிகள் அத்தனை முட்டையை ஒருநாளும் தந்திருக்க மாட்டா.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. கோவை, பல்லடம் வட்டாரங்களில் இறைச்சிக்கோழி வளர்ப்பு ஒப்பந்த முறையில் நடைபெறுகிறது. குஞ்சும் தீனியும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் வளர்ப்பவருடையவை. இறுதியில் அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. பழைய வாரமுறையிலே பாதிக் குஞ்சு வளர்த்தவளுக்குச் சொந்தமாயிற்று. ஒப்பந்த முறையிலே எத்தனை ஆயிரம் வளர்த்தாலும் ஒரு குஞ்சும் வளர்த்தவருக்குச் சொந்தம் அன்று. வருவாய் மிகுதியாக இருக்கலாம், உடைமை இல்லை. சிறுவாட்டுக் கோழியின் சிறப்பு அதன் முட்டையில் மட்டும் இல்லை. இது என்னுடையது என்று ஒரு பெண் சொல்ல முடிந்ததில் இருந்தது. பெரும்பண்ணை நாட்டுக்கு முட்டை தரும். கொல்லைக் கோழி ஒருத்திக்குக் கையிருப்புத் தரும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆகவே ஒன்று வளர்ந்ததனால் மற்றொன்று தேவையில்லை என்று முடிவு கட்டுதல் பிழை.

இவ்வரலாற்றைக் கேட்கும் மாணவர் சிலருக்கு, நாமும் வீட்டில் இரண்டு கோழி வளர்த்தால் என்ன என்று தோன்றலாம். வளர்க்க விரும்புவோர் முதலில் கடைக்குப் போக வேண்டாம். தம் அடுக்களைக்குப் போகட்டும். ஒரு வாரம், வீட்டில் நாள்தோறும் மிஞ்சுவதையும் சிந்துவதையும் ஒரு சட்டியில் சேர்த்துப் பார்க்கட்டும். நாலைந்து பேர் உள்ள வீட்டில் மூன்று நான்கு கோழிக்குமேல் அது தாங்காது. அந்த அளவோடு தொடங்குவதே சிக்கனம். இரவில் கீரியும் காட்டுப்பூனையும் நுழையாத கூடு வேண்டும். அதற்குப் பழைய பலகையும் கம்பிவலையும் போதும். பகலில் குஞ்சைப் பருந்திடமிருந்து காக்கப் பஞ்சாரம் வேண்டும். அடைக்குப் பன்னிரண்டு முட்டை வைத்தால் இருபத்தொரு நாளில் குஞ்சு பொரியும். பொரித்தவற்றில் பாதி நிலைத்தாலே நன்று என்பது பழகியவர் கணக்கு.

குஞ்சுக்குப் புரதச் சத்து வேண்டும். அதற்கும் நம் முன்னோர் காசில்லா வழி ஒன்று வைத்திருந்தனர். பழம்பானை ஒன்றில் காய்ந்த சாணத்தையும் வைக்கோலையும் கந்தற் சாக்கையும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் தரையிலே கவிழ்த்து வைப்பார்கள். விடிவதற்குள் அதில் கறையான் ஏறியிருக்கும். காலையில் பானையைத் தட்டினால், குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்கித் தின்னும். வீட்டு நிலையை அரிக்கும் பகைவன், இங்கே குஞ்சின் உடலில் தசையாகிறான். உடைந்த முட்டையோட்டை வறுத்து நொறுக்கிப் பேட்டுக்குக் கொடுத்தால் சுண்ணச் சத்தும் கிடைக்கும். பெட்டைக் குஞ்சோ விடைக் கோழியோ வாங்குமுன், நோய்த்தடுப்பு மருந்துக்கு உரிய நாளைக் கால்நடை மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நகரத்தில் வாழ்வோர் அயலார் உறக்கத்தையும் நினைத்தல் நலம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அம்முட்டை பொரியாது, அவ்வளவே.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், காட்டைத் திருத்தி விதைத்த ஒரு குடும்பத்தின் களத்தில் சில மணிகள் சிந்தின. அவற்றைத் தேடி ஒரு பறவை வந்தது. புகாரின் முற்றத்தில் குழையெறி பட்டது, உறையூருக்குப் பெயரானது, முருகன் கொடியில் ஏறியது, போர்க்காலத்து இலண்டனில் உருளைக்கிழங்குத் தோலைத் தின்று முட்டை இட்டது. எங்கே போனாலும் அது கேட்டது ஒன்றுதான்: நீங்கள் சிந்துவதை எனக்கு விடுங்கள் என்பதே. சிந்தியதைச் செல்வமாக்கத் தெரிந்த வீடு எந்தப் பஞ்சத்தையும் ஓரளவு தாங்கும். அடுத்த முறை உங்கள் பாட்டியோ அம்மையோ கோழிக்கு நொய் இறைப்பதைக் கண்டால், அங்கே சற்று நின்று பாருங்கள். வேந்தர்களின் வரலாற்றைவிட நீண்ட வரலாறு ஒன்று அந்தப் புறக்கடையிலே, ஒரு பிடி நொய்யைச் சுற்றி, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.